பதினோராம் நம்பர் நெல்

போன மாசியில் நீங்கள் மூவரும் வந்திருந்தபோது, மூத்தவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழண்டை வெளி வரைக்கும் நடந்து போய் வந்தாள். வந்து காலைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "ஏம்ப்பா, அங்க அவ்வளவு நெலமும் சும்மாத்தான் கெடக்குது. ஒண்ணுமே வெளையாதா?"

"உப்பும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். மாடு அதற்கு முன்பே குடித்திருந்தது.

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இருக்கிறது. உங்கள் அம்மா இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போய் வருஷம் திரும்பிவிட்டது. இனி எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் கடைமடை. காவிரி எத்தனையோ ஆறாகவும் வாய்க்காலாகவும் பிரிந்து, வழியெல்லாம் கொடுத்துவிட்டு, நமக்கு மிச்சத்தைத்தான் கொண்டுவரும். அந்த மிச்சமும் வராத வருஷத்தில் மண்ணுக்கு அடியிலிருந்து உப்பு மேலே வந்துவிடும். விடிந்து வரப்பில் நடந்தால் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். நட்ட நாற்று நுனி கருகி, பிறகு மொத்தமும் செத்துப்போகும். மேலண்டை ஊர்க்காரர்கள் நம் பக்கம் பெண் கொடுக்க யோசித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எனக்குக் கல்யாணமான புதிதில் அரசாங்க நெல் ஆராய்ச்சிப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். உப்பைத் தாங்குகிற நெல்லை நல்ல வயலில் வைத்துப் பார்த்துப் பயனில்லை என்று, கீழண்டை வெளியில் மிராசுதாரின் நிலத்தில் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். அதைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் குச்சியை ஊன்றி, நம்பர் எழுதிய தகரத்தை அதில் அடித்தார்கள். ஒரே நம்பர் மூன்று இடத்தில் இருக்கும். ஓரிடத்தில் மண் நன்றாக இருந்து இன்னோரிடத்தில் மோசமாக இருந்தால் நெல்லின் குணம் தெரியாமல் போய்விடுமாம். என்னை மஸ்தூர் வேலைக்கு எடுத்தார்கள். தண்ணீர் கட்டுவது, பாத்தியைக் காவல் பார்ப்பது, தெருவில் ஆள் கூப்பிடுவது எல்லாம் என் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்ததால் வயல் நோட்டும் என் கைக்கு வந்தது. பண்ணையிலிருந்து வந்த பெரிய கிளார்க் முதல் நாள் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்.

"கட்டம் எதையும் காலியா விடாத. காலியா இருந்தா மேலேருந்து கேள்வி வரும். புரியுதா?"

புரிந்தது. அது எவ்வளவு நன்றாகப் புரிந்துவிட்டது என்பதுதான் இந்தக் கதை.

ஆராய்ச்சியைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண்மணி. வடக்கே எங்கோ ஊர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எங்களோடு சேற்றில் இறங்குவார். என்னை "நீங்க" என்று கூப்பிட்ட முதல் ஆபீசர் அவர்தான்.

அவரை டாக்டர் என்று யாரோ சொல்லக் கேட்டு, வந்த முதல் வாரமே தெருவிலிருந்து இரண்டு பேர் காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வயலுக்கே வந்துவிட்டார்கள்.

"நான் நெல்லுக்குத்தாங்க டாக்டரு" என்றார் அவர், சேற்றுக் கையோடு.

நடவுப் பெண்களுக்குத் தலைமை நின்றவள் உங்கள் அம்மாவுக்கு அத்தை முறை. அவள் வாய்க்கு ஊரே பயப்படும். "நெல்லுக்கும் ஊசி போடுவீங்களா டாக்டரம்மா?" என்றாள்.

"ஊசி, மருந்து, மூட்ட மூட்டயா உரம், எதுவும் வேணாம்னுதான் இவ்வளவு பாடும். இந்த மண்ணுல, இந்தத் தண்ணில, தானா நிக்கணும்."

"எங்களாட்டம்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார்.

பதினோராம் நம்பர் அவரே உண்டாக்கிய நெல். கடலோரத்தில் யாரோ ஒருவர் விடாமல் வைத்திருந்த பழைய சிவப்பு நெல் ஒன்றையும், நன்றாக விளைகிற குட்டை நெல் ஒன்றையும் சேர்த்தது. நெல்லுக்குப் பூ உண்டு என்பதே அவர் காட்டித்தான் எனக்குத் தெரியும். ஊசி மாதிரி நுனியுள்ள இடுக்கியால் ஒரு பூவிலிருந்து ஆண்பாகத்தை எடுத்துவிட்டு, இன்னொரு கதிரின் தூளை அதன் மேல் தட்டி, காகித உறை மாட்டுவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். அப்படிக் கிடைத்த நாலைந்து மணியைப் பல வருஷம் விதைத்து விதைத்துப் பொறுக்கி எடுத்ததுதான் பதினொன்று. நம் வயலுக்கு வந்த முதல் இரண்டு வருஷமும் மற்ற நெல்லெல்லாம் கருகிப் படுத்தபோது அது நிமிர்ந்து நின்றது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்றால் விவசாயிகளுக்கு விதையாகக் கொடுக்க எழுதிவிடலாம் என்றார்.

விளைச்சல் மட்டும் போதாது, தின்று பார்த்தும் எழுத வேண்டும் என்று ஒரு முறை ஒவ்வொரு நம்பர் அரிசியிலும் கொஞ்சம் கொடுத்து, வரப்பிலேயே அடுப்புக் கூட்டிப் பொங்கச் சொன்னார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தின்றார்கள். மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாளும் தின்றார்கள்.

"மத்ததெல்லாம் ஆபீசு சோறு டாக்டரம்மா" என்றாள் அத்தை. "இந்தப் பதினொண்ணுதான் வயித்துல நிக்குது. பழசா வச்சாலும் கெட்டுப்போவல."

டாக்டரம்மா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். ஆபீசு சோறு என்பதையும் எழுதினாரா என்று தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் ஊரில் தகராறு முற்றியது. ரேடியோவில் நில உச்சவரம்புச் சட்டம் பற்றிச் சொன்னார்கள், நாங்களும் கேட்டோம். கழகத்துக் கொடி ஒன்று இறங்கி இன்னொன்று ஏறியது. மிராசுதாரின் நிலம் அவருடைய சமையற்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் பிரிந்தது. வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தர வேண்டும் என்று கூலியாட்கள் சங்கத்தில் கேட்டார்கள். அவர் முடியாது என்று லாரியில் வெளியூர் ஆட்களை இறக்கினார். குளத்தங்கரையில் போலீஸ் வண்டி நின்றது. ஒரு மாதத்துக்கு மேல் தெருவில் யாருக்கும் வேலை இல்லை.

அதோடு இன்னொன்றும் செய்தார். அறுத்த வயலில் யாரும் கதிர் பொறுக்க இறங்கக் கூடாது என்று ஆள் வைத்துச் சொல்லிவிட்டார்.

இது உங்களுக்குப் புரியாது, அதனால் சொல்கிறேன். அறுக்கும்போது விழுகிற கதிர் பின்னால் வந்து பொறுக்குகிறவர்களுக்குச் சொந்தம். அது நம் பக்கத்து வழக்கம். அறுக்கிற பெண்கள் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைத்தாய்ச்சியோ, புருஷன் இல்லாதவளோ, வீட்டில் நோயாளி இருக்கிறவளோ வந்தால், குட்டைக் கதிரை அரிவாளுக்குத் தப்ப விடுவார்கள். அறுத்துப் போட்ட தாளை அரி அரியாகத் தூக்கும்போது ஓர் உதறு உதறுவார்கள். வாய்விட்டு யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. கை தானாகச் செய்யும்.

அந்த வருஷம், மூத்தவளே, உனக்கு இரண்டு வயது. உனக்குத் தெரியாது அம்மா. கால் ஊன்ற மாட்டாய். தலை மட்டும் பெரிதாக இருக்கும். கஞ்சி கொடுத்தால் பாதி வெளியே வந்துவிடும். அந்தக் கஞ்சியும் தினம் இல்லை. என் மஸ்தூர் கூலி பண்ணையிலிருந்து வந்து சேர நாள் பிடிக்கும். தெருவில் கடன் கேட்கவும் ஆள் இல்லை, எல்லோரும் ஒரே நிலைதான்.

கதிர் பொறுக்கத் தடை என்று டாக்டரம்மாவுக்கும் தெரிந்தது. அறுப்புக்கு இரண்டு நாள் முன்னால் பெண்களிடம் சொன்னார்: "எம் பாத்தில யாரும் உங்களத் தடுக்க மாட்டாங்க. அறுத்து எடுத்தப்புறம் வயல்ல கெடக்கறது உங்களுது." நல்ல மனசில் சொன்ன வார்த்தை.

அறுப்பன்று காலையில் மிராசுதாரின் காரியக்காரர் சைக்கிளில் வந்து நின்றார். இந்த வெளியில் வெளியூர் ஆள்தான் அறுக்க வேண்டும், உள்ளூர்ப் பெண்களை இறக்கினால் குத்தகையை ரத்து செய்துவிடுவோம் என்றார். டாக்டரம்மா அவரைச் சாலைக்கு அழைத்துக்கொண்டு போய், வெயிலில் நின்று பேசினார். எனக்குக் களத்திலிருந்து பார்த்தால் தெரியும். அவர் கை நீட்டிப் பேசுகிறார், இந்த அம்மா தலையை ஆட்டி மறுக்கிறார். அரை நாள் அப்படியே போயிற்று. எங்கள் பெண்களுக்கு வேலை கொடுத்தே தீருவது என்று டாக்டரம்மா சாலையில் நின்று வாதாடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் எங்கள் பெண்கள் அவருடைய பாத்திகளை அறுத்தார்கள்.

நான் களத்தில் தராசோடு இருந்தேன். ஒவ்வொரு பாத்திக் கட்டும் தனித்தனியாக வரும், அடித்துத் தூற்றி எடை போட்டுப் பென்சிலால் கட்டத்தில் எழுத வேண்டும். பதினொன்று முதல் இடத்திலிருந்து வந்தது. எடை குறைவு. தராசை ஒரு முறை தட்டிப் பார்த்தேன். இரண்டாம் இடத்திலும் குறைவு. மூன்றாம் இடத்தில் இன்னும் குறைவு. வயலில் நின்றபோது அப்படியா இருந்தது என்று யோசித்தேன். ஆனாலும் தராசு சொன்னதைத்தானே எழுத வேண்டும்? எழுதினேன்.

டாக்டரம்மா முகம் சிவந்து திரும்பி வந்தார். என் குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். நோட்டைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "நாளைக்குக் காலைல மை போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உங்கள் அம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் சிவப்பு நெல். ஒருத்தி ஒரு நாளில் பொறுக்கக்கூடிய நெல் இல்லை அது.

"ஏது இவ்வளவு?"

"பொறுக்குனதுதான்."

"இவ்வளவுமா?"

"அத்தை விட்டாங்க. எல்லாருந்தான் விட்டாங்க. நம்ம புள்ளைக்குன்னு. எனக்கு மட்டும் இல்ல, பின்னாடி வந்த எல்லாருக்குந்தான்." அவள் முகம் அன்றைக்குத்தான் தெளிந்திருந்தது. "பதினொண்ணுல மட்டும் பார்த்து விட்டாங்க. அதான் நல்ல அரிசின்னு."

"எடை போடுற பாத்திடி அது."

"போட்டா என்னங்க? கவர்மெண்டு வீட்டுக்கு ஒரு மரக்கா கொறஞ்சா அடுப்பா எரியாது? அவங்கதான் பொறுக்கிக்கச் சொன்னாங்க."

நான் உட்கார்ந்து சொன்னேன். அந்த எடையை வைத்துத்தான் இந்த நெல் நல்லதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். எடை குறைந்தால் இதை வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள். அத்தனை வருஷப் பாடும் போய்விடும். அவள் புடைப்பதை நிறுத்திவிட்டாள். 

"நான் போயி சொல்லிடவா? நெல்லையும் எடுத்துட்டுப் போறேன்."

உள்ளே நீ சிணுங்கினாய்.

"வேணாம்" என்றேன். "புள்ளைக்குக் காய்ச்சு. காலைல நான் சொல்லிக்கிறேன்."

அன்றைக்குக் காய்ச்சிய கஞ்சியை நீ வெளியே தள்ளவில்லை.

காலையில் நான் போகும்போது சொல்லிவிடுவதாகத்தான் போனேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். களத்தில் டாக்டரம்மா நோட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் காரியக்காரரும் நின்றார்.

"பதினொண்ணுல மூணு எடத்துலயும் இப்படி எப்படிங்க கொறையும்?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். "அறுக்கும்போது வயல்ல ஏதாவது அதிகமா விட்டுப்போச்சா?"

நான் வாயைத் திறப்பதற்குள் காரியக்காரர், "கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றார். "இவனுவ பொம்பளைங்கள எறக்காதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். டேய், சொல்லேன்டா. திருடுனாளுவளா?"

திருட்டு என்று அவர் சொல்லிவிட்டால் குளத்தங்கரையில் வண்டி தயாராக நிற்கிறது. அத்தை, உங்கள் அம்மா, கூட அறுத்தவர்கள் எல்லோரும் என் கண் முன்னால் வந்தார்கள்.

"இல்லீங்கம்மா" என்றேன். "நெல்லே கொறவுதாங்க. பதர் அதிகம்."

பதர் அதிகம் என்று யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

டாக்டரம்மா என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். பென்சிலில் இருந்ததன் மேல் மையால் எழுதினேன். மூன்று கட்டம். ஒன்றும் காலி இல்லை.

காரியக்காரர் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அன்று முழுக்க டாக்டரம்மாவும் நானும்தான் களத்தில் இருந்தோம். மூட்டை தைத்தோம், குச்சிகளைப் பிடுங்கிக் கட்டினோம். ஒரு தரம் பொய் சொல்லிவிட்ட முகத்தோடு அதைத் திருப்பிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "நீங்க" என்று என்னைக் கூப்பிடுகிற மனுஷி, இனி எப்படிக் கூப்பிடுவாரோ என்றும் இருந்தது.

வீட்டில் உங்கள் அம்மா, "சொன்னீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பரவால்லன்னாங்க."

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாகிற வரைக்கும் அதைச் சொல்வாள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். "மனுசின்னா அந்த டாக்டரம்மாதான். அத்தனை பாடுபட்டும் பரவால்லன்னுட்டாங்க பாருங்க." ஒவ்வொரு முறையும் நான் எழுந்து வெளியே போயிருக்கிறேன். அப்பா யாரையும் புகழ்ந்தால் தாங்கமாட்டார் என்று நீங்கள் கேலி செய்ததுண்டு.

அந்த வருஷக் கூட்டத்தில் பதினொன்றைத் தள்ளிவிட்டார்கள். மூன்று இடத்திலும் ஒரே மாதிரி குறைந்ததால் சந்தேகம் கேட்கவும் இடமில்லையாம். குத்தகையும் முடிந்தது. டாக்டரம்மாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு புயலில் கடல் உள்ளே வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கீழண்டை வெளி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. எதை விதைத்தும் முளைக்கவில்லை. அப்போது ஒரு நாள் பஸ்ஸிலிருந்து டாக்டரம்மா இறங்கினார். தலையில் நரை தெரிந்தது. நான் கடைத்தெருவில் இருந்தேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் அம்மா அன்றைக்கு மேலண்டை ஊருக்கு நடவுக்குப் போயிருந்தாள்.

"உங்களத்தான் தேடி வந்தேன்" என்றார். "பதினொண்ணு ஞாபகம் இருக்கா? பண்ணைல வச்சிருந்த விதை கெட்டுப்போச்சு, முளைக்கல. வேணாம்னு தள்ளுனதுதானேன்னு யாரும் புதுப்பிக்கல. இங்க யார் வீட்டுலயாவது ஒரு பிடி இருக்குமாங்க? ஒரு பிடி போதும்."

ஒரு மணிகூட இல்லை. அந்த மாதமே தின்று தீர்த்திருந்தோம், தெரு முழுக்க. புளியமரத்தடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை உதறியது, உங்கள் அம்மா பொறுக்கியது, நான் பதர் என்றது. அவர் கடைசியில் கேட்டார்:

"அந்தக் காரியக்காரர் போனப்புறம் சொல்லியிருக்கலாமே?"

"கட்டத்தைக் காலியா விடக்கூடாதுன்னு..." என்று ஏதோ ஆரம்பித்தேன்.

"காலியா விடலாங்க" என்றார் மெதுவாக. "அதுக்குன்னு ஒரு முறையே இருக்கு. இந்தப் பாத்தி எடை நம்ப முடியாதுன்னு ஒரு கோடு போட்டுட்டா முடிஞ்சுது. ஏன், யாருன்னு யாரும் கேட்க மாட்டாங்க. அடுத்த வருஷம் இன்னொரு தரம் வெதச்சிருப்போம். அவ்வளவுதாங்க."

அவ்வளவுதான். ஒரு கோடு. யாரையும் காட்டிக்கொடுக்காத ஒரு கோடு. அது இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

பிறகு அவர் உன்னைப் பார்த்தார். "இந்தப் புள்ளையா?" என்றார்.

"ஆமாங்கம்மா."

குனிந்து உன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வயலில் நாற்றின் தூரைத் தொட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி. "நல்லா ஊனி நிக்கறா" என்றார். நீ கூச்சப்பட்டு என் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

நாகப்பட்டினம் போகிற பஸ் வர வெகு நேரமாயிற்று.  பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கீழண்டைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. "வரேங்க" என்று ஏறிக்கொண்டார். அப்போதும் "ங்க" போட்டுத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் உங்கள் அம்மா வந்து, டாக்டரம்மா வந்தாங்களாமே, என்னைப் பார்க்காமயா போனாங்க என்று வருத்தப்பட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன்.

விளையாதா என்று கேட்டாயே அம்மா. விளைந்தது. அந்த மண்ணிலேயே, உரமும் மருந்தும் இல்லாமல், நிமிர்ந்து விளைந்தது. கடைசியாக விளைந்ததை உங்கள் அம்மா பொறுக்கி வந்து உனக்குக் காய்ச்சிக் கொடுத்தாள். அதில் உன் மேலும் குற்றமில்லை, அவள் மேலும் இல்லை. அவள் சொல்லிவிடுகிறேன் என்றுதான் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன்.